போகாத படிப்புக்கு ஒரு வழியனுப்பு விழா

என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருக்கிறது. அதற்கும் பின்னால் எம்.ஏ. என்று இருந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைச் சேர்க்கிறவர்கள் சில சமயம் தாங்களாகவே அதைப் போட்டுவிடுவார்கள். நான் திருத்துவதில்லை. பல்கலைக்கழகம் கொடுக்காததை அச்சகம் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்வது மரியாதையாகாது.

எம்.ஏ. கிடைக்காமல் போனதற்கு யுத்தம்தான் காரணம் என்று நான் சொல்லி வருகிறேன். என் மனைவிக்கு இதில் வேறு அபிப்பிராயம் உண்டு. வீட்டில் காகிதம் ஏதாவது தேடும்போதெல்லாம் அதை வெளியிடுவாள். இருந்தாலும் யுத்தத்தை நேரில் பார்த்தவன் நான். அவள் என்னை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

நான் பிறந்தது மலாயாவில், சுங்கை காடுட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே இரண்டாவது கிராணி, அதாவது குமாஸ்தா. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீஸ் கிராணி என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரராகத்தான் இருப்பார். அப்பா கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். பால் வெட்டுகிறவரின் மகன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, ராசா என்கிற ஊர் வரைக்கும் நடந்துபோய் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, நல்ல கையெழுத்து ஒன்றை மட்டும் முதலாக வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தவர். ஆபீசில் அவரை லயத்துக்காரர் என்பார்கள். லயத்தில் கிராணி ஐயா என்பார்கள். இரண்டு இடத்திலும் அவர் நின்றுகொண்டேதான் பேசினார்.

அம்மாவின் கழுத்திலும் காதிலும் இருந்தவை ஒவ்வொன்றாகக் காணாமல் போன பிறகு நான் சென்னையில் சரித்திரம் படித்து பி.ஏ. ஆனேன். எம்.ஏ.வுக்குக் கழற்ற எதுவும் மிச்சமில்லை. ஆகவே ஊர் திரும்பி உபகாரச் சம்பளம் தேட ஆரம்பித்தேன். ஒரு வெள்ளை முழுக்கால் சட்டை, ஒரு கோட்டு, கக்கத்தில் சான்றிதழ்கள். சிரம்பான் தெருக்களில் என்னைப் பார்த்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்று எண்ணிக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு.

முதலில் ஒரு செட்டியார் கடைக்குப் போனேன். அங்கே மாணவர்களுக்குத் தர்ம நிதி இருந்தது. காப்பி கொடுத்து உட்கார வைத்து எந்த ஊர் என்று கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அது மரம் இருக்கிற எடம். ஊரு எதுன்னேன்?" என்றார் பெரியவர். என் தாத்தாவின் ஊர் எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் அது அவர்கள் பக்கம் இருந்திருக்காது. ரஹாங்கில் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர் ஒருவரிடம் போனேன். அருமையான மனிதர். என் மதிப்பெண்களைப் பார்த்து மெய்யாகவே சந்தோஷப்பட்டார். பிறகு அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் எந்தப் பகுதி என்று விசாரித்தார். எந்தப் பகுதியும் இல்லை என்றதும், தன் சொந்தத் தம்பிக்கே கெடுதல் நடந்துவிட்ட மாதிரி வருத்தப்பட்டார். தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு நிதி இருந்தது. ஆனால் என் தகப்பனார் கிராணி. கம்பெனி உத்தியோகஸ்தர் பிள்ளைகளுக்கு வேறொன்று இருந்தது. ஆனால் அங்கே உத்தியோகஸ்தர் என்பது ஒரு நிறத்தையும் சேர்த்த சொல். கடைசியாக ஒரு பாதிரியார். வேத சாஸ்திரம் படித்தால் எல்லாச் செலவும் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். போவதற்கு முன்னால் திருநீற்றை அழித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அழித்த இடம் மட்டும் நெற்றியில் பளபளவென்று தெரிந்திருக்க வேண்டும். அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

நான் எதுவாக இல்லையோ அதற்கெல்லாம் உபகாரச் சம்பளம் இருந்தது.

எப்படியோ சென்னையில் என் பழைய பேராசிரியர் ஒருவர் மனம் வைத்து எம்.ஏ.வுக்கு ஆராய்ச்சி மாணவனாக, சம்பளம் கட்ட வேண்டாத ஓர் இடத்துக்கு வழி செய்தார். வருஷம் பிறந்ததும் வந்து சேரச் சொன்னார். கப்பலில் இடம் பிடித்தாயிற்று. அம்மா எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு ஜாடியைத் துணியால் கட்டி வைத்தாள். அதற்குள் ஜப்பான்காரன் வடக்கேயிருந்து சைக்கிளில் வந்துவிட்டான். சரித்திரம் படிக்கப் புறப்பட்டவனைச் சரித்திரமே வாசலில் வந்து மறித்துக்கொண்டது. ஊறுகாயை நாங்களே சாப்பிட்டோம்; பிற்பாடு மரவள்ளிக் கிழங்குக்கு அது மிகவும் உதவியாக இருந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பெரிய கிராணி மாமனார் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. தோட்டம் அப்பாவின் தலையில் விழுந்தது. துரையின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். ரப்பருக்கு விலை இல்லை. மரங்களுக்கு நடுவே ஜனங்கள் மரவள்ளி நட்டார்கள். இருந்தாலும் காலையில் பெரட்டு நடக்கத்தான் செய்தது. விடியுமுன் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். இப்போது அதோடு, டோக்கியோ இருக்கும் திசை என்று சொல்லப்பட்ட பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போட வேண்டும். அந்தப் பக்கம் கள்ளுக்கடை இருந்ததால் சிலர் அதை ஆட்சேபணையில்லாமல் செய்தார்கள்.

பிறகு லோரி வர ஆரம்பித்தது. சயாமில் ரயில் போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாள்தான் வேலை, அரிசி உண்டு, துணி உண்டு. முதல் தடவை சிலர் நம்பிப் போனார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒருவன் எப்படியோ தப்பி வந்து சேர்ந்தான். அவன் சொன்னதைவிட அவன் இருந்த இருப்பே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு லோரிச் சத்தம் கேட்டால் லயத்தில் ஆண்கள் இருக்கமாட்டார்கள்.

ஆள் கொடுக்க வேண்டிய பொறுப்பு அப்பாவுடையது. சிரம்பானிலிருந்து ஓர் அதிகாரி வருவார். மெலிந்தவர், கண்ணாடி போட்டவர், அதட்டிப் பேசாதவர். அதுவே பயமாக இருக்கும். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அப்பா அவரிடம் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. விளக்கம் கேட்பார். காய்ச்சல்காரனைச் சேர்க்கலாமா, டாக்டர் பார்த்த பிறகா, பார்ப்பதற்கு முன்னாலா? போனவன் வீட்டு ரேஷனை யார் பேரில் எழுதுவது? இதற்குச் சிரம்பான் உத்தரவு போதுமா, சிங்கப்பூரைக் கேட்க வேண்டுமா? வெள்ளைக்காரத் துரைகளிடம் அவர் கற்ற வித்தை அது. விஷயம் மறுக்கப்படாது, நடக்கவும் நடக்காது. 'பரிசீலனையில்' இருக்கும். ஆனால் எல்லாச் சமயமும் பலிக்கவில்லை. பலிக்காத அன்று வீட்டில் அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்.

இதில் மிக லேசாக அகப்படக் கூடியவன் நான். என் பெயர் பெரட்டில் இல்லை. பால் வெட்டத் தெரியாது, சம்பளப் பட்டியலில் இடமில்லை, உடம்பு மட்டும் இருந்தது. ஒருநாள் அந்த அதிகாரி என்னைக் காட்டி இவன் யார் என்று கேட்டார். அப்பா சற்றும் தயங்காமல் நிப்பொங்கோ வாத்தியார் என்றார். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ஜப்பானிய பாஷையில் கும்பிடு மட்டும்தான் தெரியும். மறுநாளே சிரம்பானில் நடந்த நிப்பொங்கோ வகுப்பில் சேர்ந்துவிட்டேன். காலையில் அங்கே படித்ததை மாலையில் தோட்டத்துப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் என்னைவிட ஒரு பாடம்தான் பின்தங்கியிருந்தார்கள். அதுவும் எனக்கு ஜலதோஷம் பிடித்த வாரம் சமமாகிவிட்டது.

அந்த வகுப்பில்தான் ஒருநாள் அறிவித்தார்கள். பட்டதாரிகளை ஜப்பானுக்கு மேல்படிப்புக்கு அனுப்பப் போகிறார்களாம். கப்பல், சாப்பாடு, இருப்பிடம், புத்தகம், எல்லாம் அவர்கள் செலவு. ஊர் கேட்கவில்லை, பகுதி கேட்கவில்லை, நெற்றியைப் பார்க்கவில்லை. அப்படியும் ஓர் உபகாரச் சம்பளம் உலகத்தில் உண்டா என்று எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. யோசிப்பதற்கு முன்னால் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கை பழகிப்போயிருந்தது.

அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஜப்பானுக்குப் போகிற கப்பல்கள் போய்ச் சேருவதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. "கடலுக்கடியில எந்தக் காலேஜ்டா இருக்கு?" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "இரு. முடிவு வர்ற வரைக்கும் நீ அவங்க ஆளு. கூப்பிட்டா போகணும்னு இங்க இருக்கணும். உன்னை லோரியில ஏத்த முடியாது."

அடுத்த தடவை அதிகாரி வந்தபோது அப்பா இதை எடுத்துச் சொன்னார். அதிகாரி யோசித்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து பதில் வரும் வரை இவனைத் தொடமாட்டோம் என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே பிரார்த்தனைதான், பதில் வரக் கூடாது. கிடைத்தால் கடல். கிடைக்காவிட்டால் சயாம். இரண்டுக்கும் நடுவே ஒரு மேஜையின் மேல் என் விண்ணப்பம் கிடக்கும்வரைக்கும் நான் உயிரோடு இருப்பேன். அது அங்கேயே கிடக்க வேண்டியதைச் செய்வது அப்பாவின் வேலை. அதில் அவருக்கு நிகர் கிடையாது. என் சென்னைப் பட்டத்தை மூலமாகவே அனுப்ப வேண்டுமா, நகல் போதுமா என்று ஒரு கேள்வி போகும். நகல் போதும் என்று பதில் வந்தால், நகலில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் யார் என்று அடுத்தது. வைத்தியப் பரிசோதனை இங்கேயா, அங்கேயா? சரித்திரம் என்றால் எந்த தேசத்துச் சரித்திரம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் வெகுகாலம் எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் அதுவரைக்கும் பதிலுக்காகவே தவம் கிடந்தவன், தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்தேன்.

அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று சொன்னால் இப்போது யாருக்கும் புரியாது. தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது; சிரம்பான் வகுப்பும் அதோடு நின்றது. கூப்பிட்டால் இருக்க வேண்டும். சிரம்பான் பசாருக்குக்கூட அம்மாதான் போவாள். வேறு வேலை தேட முடியாது. ராசாவில் ஒரு பெண் வீட்டார் ஜாதகம் கேட்டு அனுப்பினார்கள். பையன் ஜப்பானில் இருப்பானா, இங்கே இருப்பானா என்று கேட்டதற்கு அப்பா வழக்கம்போல விளக்கம் கேட்டுப் பதில் சொல்ல, அவர்கள் வேறு பையனைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவேன். எதிரே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவையும் எதற்கோ பெயர் கொடுக்க நிற்கிற மாதிரியே இருக்கும்.

இந்த இழுத்தடிப்புச் சங்கதி எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். லயத்தில் யாராவது கேட்டால், ஜப்பானுக்கு எழுதிப் போட்டிருக்கிறான் என்று அப்பா சுருக்கமாகச் சொல்வார். காற்றுவாக்கில் உண்மை அதிகாரியின் காதுக்குப் போய்விடக் கூடாதே. அதில்தான் அகப்பட்டுக்கொண்டோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். யார் வெளியூருக்குப் போனாலும் வழியனுப்பு விழா இல்லாமல் விடமாட்டார்கள். துரை லீவில் சீமைக்குப் போனால் விழா. வாத்தியார் மாற்றலாகிப் போனால் விழா. மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர், கொடுத்த மருந்து பிடிக்காமல் மாற்றப்பட்டபோதும் விழா. மாலை, தேநீர், 'பேரன்புமிக்க தங்களுக்கு' என்று ஆரம்பிக்கும் வாழ்த்துமடல், விழாவுக்கு ஒரு தலைவர், அவருடைய தலைமையுரை. இத்தனையையும் நடத்துகிறவர், வேலையாட்களை மேய்க்கும் எங்கள் மண்டோர். ஆளைப் பார்த்தால் மலை மாதிரி இருப்பார். வேலைக்காட்டில் அவர் குரல் கேட்டால் மரமே கொஞ்சம் கூடப் பால் கொடுக்கும் என்பார்கள். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து எங்கள் தோட்டத்தில் விழாவே இல்லை. போனவர்கள் யாரும் விழா வைத்துக்கொண்டு போகிற விதத்தில் போகவில்லை. மண்டோர் அந்த ஏக்கத்தில் இளைத்திருந்தார்.

தம்பி ஜப்பானுக்குப் படிக்கப் போகிறார் என்று அவர் காதில் விழுந்ததும் அப்பாவிடம் வந்து நாள் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றார் அப்பா. கிராணி ஐயா அடக்கமானவர், அப்படித்தான் சொல்வார் என்று மண்டோர் லயத்தில் போய்ச் சொல்லிவிட்டார். மறுபடி கேட்டபோது அப்பா கொஞ்சம் கடுமையாகவே மறுத்தார். அடக்கத்துக்கு மேல் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்களைக் கேட்காமலே வேலை நடந்தது. ஒரு மாலை மண்டோர் வீட்டுக்கு வந்து, எல்லாம் தயார், வருகிற ஓய்வுநாள் பள்ளிக்கூடக் கொட்டகையில் வைத்திருக்கிறோம், தம்பி குளித்துவிட்டு வந்தால் போதும் என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டு, சரி, நமக்குள்ளே ஒரு தேநீர்தானே என்றார்.

"நமக்குள்ளதான் கிராணி ஐயா. தலைவர் மட்டும் வெளியாளு."

"தலைவரா? யாரு?"

"ஜப்பான் தொரைதான். நேத்து லோரியோட வந்தப்ப நானே கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச மலாய்ல சொன்னேன். தலையை ஆட்டிட்டாருலா."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டுய்யா அவனைக் கூப்பிட்ட?"

"தலைவர் இல்லாம விழாவா?" மண்டோருக்கு மெய்யாகவே விளங்கவில்லை. "முன்ன வெள்ளைத் தொரை உக்காருவாரு. இப்ப இவருதானே தொரை. அதோட கிராணி ஐயா, யோசிச்சுப் பாருங்க. நம்ம தோட்டத்துப் புள்ள டோக்கியோவுல போய் உக்காந்துட்டா, இங்க லோரி வருமா? அவருக்கும் அது தெரியட்டும்லா."

லயம் முழுக்க அந்த நம்பிக்கையில் இருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் படிப்பு எனக்கு மட்டும் தேவைப்படவில்லை. அப்பா நிறுத்தலாமா என்று யோசித்தார். கூப்பிட்ட அதிகாரியை வர வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் அந்த மேஜையின் மேல் கிடக்கும் விண்ணப்பத்தை யாராவது கையில் எடுப்பார்கள். விழா நடப்பதைத் தவிர வழியில்லை.

கொட்டகைக்குத் தென்னங்குருத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். கடை மாலை கிடைக்காத காலம். காகிதப்பூவும் செம்பருத்தியும் சேர்த்து இரண்டு மாலை. மரவள்ளி மாவில் வடை தட்டியிருந்தார்கள். காப்பி என்று ஒன்று இருந்தது, என்ன வறுத்தது என்று யாரும் கேட்கவில்லை. தோட்டமே வந்திருந்தது. லோரிச் சத்தம் கேட்டால் காட்டோரம் ஓடி ஒளிகிறவர்கள்கூட அன்றைக்குச் சலவை வேட்டி கட்டி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விழாவுக்கு வந்தவனை யார் என்ன செய்வார்கள்?

அதிகாரி வந்தார். பின்னால் லோரியில் சிப்பாய்கள். மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் நான், கழுத்தில் மாலையோடு. மண்டோர் வாழ்த்துமடலை வாசித்தார். கலைமகள் என் நாவில் குடியிருப்பதாகவும், நான் அலைகடலைத் தாண்டி அறிவுக்கடலில் குளிக்கப் போவதாகவும் அதில் இருந்தது. கடல் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பேசுகிறவர் எங்கே மூச்சு விட்டாலும் தட்ட வேண்டும் என்று மண்டோர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அதிகாரி என் பக்கம் சாய்ந்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நிப்பொங்கோவில் கேட்டார். தங்களுக்கு நன்றி சொல்கிறார்கள் என்றேன். சிங்கப்பூரிலிருந்து முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அப்படியானால் இது எதற்கு என்றார். எங்கள் வழக்கம் என்றேன். அவர் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முன் பெஞ்சிலிருந்து கடைசி வரைக்கும், நிதானமாக. இத்தனை ஆண்களை இந்தத் தோட்டத்தில் அவர் அதற்கு முன்னால் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

தலைமையுரைக்கு எழுந்தார். விழாவுக்கு இங்கிலீஷ் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, தம் பாஷையிலேயே பேசினார். மொழிபெயர்க்க என்னை எழுப்பினார். அந்தத் தோட்டத்தில் அவர் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான். தமிழ் மாதிரியே அந்த பாஷையிலும் யார் என்ன ஆவார்கள் என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். நான் ஒவ்வொரு வாக்கியமாக வாங்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.

இந்த விழா தமக்கு மகிழ்ச்சியளிப்பதாகச் சொன்னார். கைதட்டினார்கள். ஒரு பிள்ளையை ஜப்பானுக்குக் கொடுக்க இவ்வளவு சந்தோஷப்படும் தோட்டத்தைத் தாம் பார்த்ததில்லை என்றார். கைதட்டினார்கள். இப்போது கடல் வழி சரியில்லை, படிப்புக்குக் கப்பல் போகாது, படிப்பு காத்திருக்கலாம் என்றார். அதற்கும் தட்டினார்கள். அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

ஆனால் சயாமில் வேலை காத்திருக்காது என்றார். இங்கே கூடியிருக்கிறவர்களில் திடமானவர்களைத் தாம் இன்றே தேர்ந்தெடுத்துக்கொள்வதாகவும், அவர்களோடு பாஷை தெரிந்த ஒருவர் போவது அவசியம் என்பதால் இந்த நல்ல மாணவர் கூடப் போவார் என்றும் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டியவன் ஏமாற்றக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலோ படித்திருந்தேன். என் வாயால் என்னை அனுப்பினேன். "நானும் போவேன்" என்று முடித்து மூச்சு விட்டேன். பழக்கத்தில் கைதட்டினார்கள். அப்புறம் பின் வரிசையில் கைதட்டல் நின்றது. அங்கிருந்து ஒவ்வொரு பெஞ்சாக நின்றுகொண்டே வந்தது.

அப்பா எழுந்தார். ஒரு சின்ன விளக்கம் வேண்டும் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். அதிகாரி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். சிப்பாய்கள் அதற்குள் கொட்டகையின் இரண்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா உட்காரவில்லை. மேலே பேசவும் இல்லை. அடுத்த கேள்வி என்ன என்று அவர் யோசித்துக்கொண்டே நின்றது எனக்குத் தெரிந்தது. அது வரவேயில்லை.

முன் பெஞ்சிலிருந்தே எடுக்க ஆரம்பித்தார்கள். மனைவிமார் அழுத சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. கடைசியில் அதிகாரி மண்டோரைப் பார்த்தார். இத்தனை பேரை ஒரே இடத்தில் கூட்டி ஒழுங்காக உட்கார வைக்கத் தெரிந்த ஆள், இவன் வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். அன்று அந்த மேடையில் திறமை காட்டிய இரண்டு பேரும் தேர்வு பெற்றோம்.

மறுநாள் சிரம்பான் ஸ்டேஷனில் சரக்கு வண்டி நின்றது. நல்ல வெயில். வண்டி இரும்பு, தொட முடியவில்லை. வேறு தோட்டங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உறவினர்களைப் பிளாட்பாரத்துக்குள் விடவில்லை. அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். உயிரோடு வந்துவிடு என்றோ வேறெதுவோ அவருக்குச் சொல்ல வரவில்லை. "சாப்பாடு போட்டா வெக்கப்படாம கேட்டு வாங்கு. நீ கேக்க மாட்ட" என்றார். அதையே இன்னொரு தரமும் சொன்னார். அம்மாவை அவர் கூட்டி வரவில்லை.

சயாமைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது வராது. நான் சொல்ல வந்தது அந்தப் பிளாட்பாரம் வரைக்கும்தான்.

வண்டிக்குள் எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒரு மூலையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மண்டோரோடு பேசவில்லை. மலை மாதிரி ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு எப்படியோ சின்னதாகிவிட்டிருந்தார். கதவோரம் ஒரு சிப்பாய் காவல் நின்றான். என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து மண்டோர் தலையைத் தூக்கினார்.

"தம்பி, எப்ப திரும்பலாம்னு அவன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

வகுப்பில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது ராஜசபையில் பேசுகிற நிப்பொங்கோ. அந்தப் பாஷையில், தாங்கள் தயைகூர்ந்து அருள வேண்டும் என்கிற தோரணையில் கேட்டேன். சிப்பாய் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்படி யாரும் அவனிடம் பேசியிருக்கமாட்டார்கள். பிறகு மெதுவாகப் பேசினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. எப்போது என்று தனக்குத் தெரியாது என்றான். தானும் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவன், நடுவிலே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள், கொஞ்ச நாள் என்றுதான் தன்னிடமும் சொன்னார்கள் என்றான்.

"என்ன சொல்றான்?" என்றார் மண்டோர்.

"தெரியாதாம்."

"இவ்வளவு நேரம் பேசினானே."

"படிச்சிக்கிட்டு இருந்தானாம். பாதியில கூட்டிட்டு வந்துட்டாங்களாம்."

மண்டோர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். சிப்பாய் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான்.

"அவனுக்காச்சும் திரும்பிப் போனா அந்தப் படிப்பு இருக்குமான்னு கேளுங்க தம்பி" என்றார் மண்டோர்.

வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ வெளியே விசில் ஊதினார்கள். சிப்பாய் கீழே குதித்துக் கதவை இழுத்துச் சாத்தினான்.